திரளி மீன் பருவமடைந்ததா என்று கண்டறியும் முறை

யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் வளரும் திரளி, முட்டையிடுவதற்குக் கடலுக்குச் செல்கிறது. அதன் குஞ்சுகள் மீண்டும் ஏரிக்குள் வந்து வளர்கின்றன. ஆற்றில் பிறந்து கடலில் வளரும் சால்மனின் பயணம் இதற்கு நேர்மாறானது. ஆயினும் இரண்டிலும் உடலளவை மட்டும் பார்த்துப் பருவத்தைச் சொல்லிவிட முடியாது. அத்திலாந்திக் சால்மனின் ஆண்களிற் சில, கடலையே காணாமல், ஆற்றில் சிறு மீனாக இருக்கும்போதே விந்து முதிர்ந்துவிடுகின்றன. வயிற்றைத் திறந்து பார்ப்பதே நம்பத்தக்க வழி.

பாசையூரிலோ குருநகரிலோ மீன் வாங்கும்போது, அது எங்கே, எந்த நாளில் பிடிபட்டது, களங்கட்டி எனும் நிலையான மீன்பொறியிலா வலையிலா என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூக்கு நுனியிலிருந்து வாற்கவையின் நடுவரை அளந்து, நிறுத்த பின்னர், மலவாயிலிருந்து செவுளை நோக்கிக் கத்தி ஆழப் பதியாதவாறு கீறுங்கள். உள்ளே கெட்டியாக உருண்டிருப்பது திரளிக்கே உரிய தடித்த இரைப்பை. அதைச் சினையென்று மயங்கக்கூடாது. குடலை ஒதுக்கினால், காற்றுப்பையின் கீழே இரு பக்கமும் நீளவாக்கில் இனப்பெருக்க உறுப்புகள் தெரியும்.

அவை கண்ணாடி போன்ற மெல்லிய இழைகளாக இருந்தால் மீன் இளையது. ஆணா பெண்ணா என்று வெறுங்கண்ணால் பிரிக்க இயலாது. முதிரும் பெண்ணின் சினை மஞ்சளாகி, மேலே இரத்தநாளங்கள் ஓடி, தோலினூடாகவே மணிமணியாக முட்டைகள் தெரியும். ஆணின் விந்தகம் வெண்மையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். நன்கு முதிர்ந்ததை வெட்டினால் பால்போன்ற விந்து கசியும். தளர்ந்து, சிவந்து, வெறும்பையாகச் சுருங்கியிருந்தால் அது முட்டையிட்டு முடித்த மீன்.

சினையைத் தனியே நிறுத்து, மீனின் நிறையால் வகுத்து, 100 ஆல் பெருக்குங்கள். 1,000 கிராம் மீனில் 120 கிராம் சினை இருந்தால் சுட்டெண் 12 ஆகும். இதை மாதந்தோறும் கணித்தால், எண் ஏறி உச்சமடைந்து சட்டெனச் சரியும் காலமே முட்டையிடும் காலம்.

வயதைச் செதிலில் எண்ண முயல்வோர் சற்று நிதானிக்க வேண்டும். குளிர்நாட்டுச் சால்மனின் செதிலில் மாரிகால வளையங்கள் நெருங்கி விழுவதால் ஆண்டு தெளிவாகப் பிரியும்; எங்கள் வெப்பநீரில் அந்த வேறுபாடு குறைவு.

பெண்மீன்களை நீளவாரியாகப் பிரித்து, பாதிக்குப் பாதி முதிர்ந்திருக்கும் நீளத்தைக் கண்டுகொண்டால், வலைக்கண்ணின் அளவை அதற்கேற்பத் தீர்மானிக்கலாம். ஆனால் முதிர்ந்தவை கடலை நாடிப் போய்விடுவதால், ஏரிக்குள் பிடித்தவற்றை மட்டும் எண்ணினால் அந்த நீளம் உண்மையைவிடக் கூடிவிடும். ஆகவே ஏரி மீனையும் கடல் மீனையும் சேர்த்துப் பாருங்கள். தொண்டைமானாற்றில் பிடித்ததாயின், அன்று கடலுக்குச் செல்லும் வழியிலுள்ள அணைக்கதவு திறந்திருந்ததா என்பதையும் எழுதுங்கள்.