ஹோட்டல் கலிபோர்னியாவை நம் ஊர் மேடையில் வாசிப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறேன். ஞாயிறு காலையில் ஆலயப் பாடகர் குழுவுக்கு வாசிப்பு, மற்ற நாள் மாலைகளில் வகுப்பு. முருகன்குறிச்சி, சமாதானபுரம் பக்கத்துப் பிள்ளைகள் ஜி, சி, டி கார்டுகள் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடிகள்) கைக்கு வந்ததுமே கேட்பது அமெரிக்க ராக் குழுவான ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிபோர்னியா'வைத்தான். 1976 டிசம்பரில் வந்த பாட்டு. அவர்களுடைய அப்பாக்கள் கல்லூரி விழாவில் வாசித்ததை இப்போது இவர்கள் வாசிக்க ஆசைப்படுகிறார்கள். அப்படி ஆசைப்படுகிற எல்லோருக்கும் இது.

கிட்டாரைத் தொடுவதற்கு முன்னால் பாட்டை ஹெட்போனில் முழுசாகக் கேளுங்கள். ஆறரை நிமிடம். பாடத் தொடங்குவதற்கு முன் ஏறக்குறைய 50 விநாடி வெறும் கிட்டார். பாடி முடித்த பிறகும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கிட்டார்தான். அவ்வளவு நேரமும் எட்டே கார்டுகள் கொண்ட ஒரு சுற்று திரும்பத் திரும்ப வருகிறது, நடுவில் கோரஸில் மட்டும் வரிசை மாறுகிறது. ஆனாலும் அலுப்பதில்லை. அதற்குக் காரணம் அந்தச் சுற்றுக்குள்ளேயே இருக்கிறது.

பி மைனர், எஃப் ஷார்ப், ஏ, ஈ, ஜி, டி, ஈ மைனர், எஃப் ஷார்ப். கார்டுக்கு நான்கு தட்டு. இப்போது ஒவ்வொரு கார்டிலிருந்தும் ஒரே ஒரு சுரத்தை மட்டும் எடுத்து வாசியுங்கள்: பி, ஏ ஷார்ப், ஏ, ஜி ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப். கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் பி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் உடனே பிடிபடும். மேல் ஷட்ஜம், காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், சதுஸ்ருதி தைவதம், சுத்த தைவதம், பஞ்சமம் என்று அரை அரை சுரமாக இறங்கி, மத்தியமத்தைத் தொட்டு மறுபடி பஞ்சமத்தில் ஏறி நிற்கிறது. அங்கே நின்றால் காது தானாக ஷட்ஜத்தைத் தேடும். அடுத்த சுற்று அந்த ஷட்ஜத்தில்தான் தொடங்குகிறது. இத்தனை வருஷமாக இந்தப் பாட்டை ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு முதல் காரணம் இந்த இறக்கம் என்பது என் உறுதியான எண்ணம். இந்த எட்டு சுரத்தையும் கீபோர்டில் வாசிக்கவிட்டு, மேலே பாடிப் பழகுங்கள். என் வகுப்பில் இதற்குப் பிறகுதான் ஸ்ட்ரம்மிங், அதாவது கம்பிகளை மொத்தமாகத் தட்டி வாசிப்பது.

ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அமுக்க வேண்டிய எஃப் ஷார்ப் பார் கார்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஏழாவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) கேபோ, அதாவது எல்லாக் கம்பியையும் அமுக்கும் கிளிப், போட்டால் எல்லாம் சுலபமான வடிவங்களாகிவிடும்: ஈ மைனர், பி7, டி, ஏ, சி, ஜி, ஏ மைனர், பி7. பாட்டின் இசையை அமைத்த டான் ஃபெல்டரும் 12 கம்பி கிட்டாரில் ஏழாவது ஃப்ரெட்டில் கேபோ போட்டுத்தான் வாசித்தார். கேபோ போட்ட பிறகு மறுபடி சுருதி சேருங்கள். அதுவும் விழா நடக்கும் மண்டபத்துக்குள் போய்ச் சேருங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் பைக்கில் கொண்டுபோன கிட்டார், வீட்டில் சேர்த்த சுருதியில் இருக்காது.

சுருதி என்றதும் ஒரு விஷயம். ஃபெல்டர் மாலிபு கடற்கரையில் வாடகை வீட்டில் இருந்தபோது இந்த மெட்டை ஈ மைனரில்தான் போட்டார். பாட்டைப் பாடிய டான் ஹென்லியின் குரலுக்கு அது ஒத்துவராததால் பி மைனருக்கு மாற்றினார்கள். நீங்களும் பாடுகிறவர் குரலைப் பார்த்து மாற்றுங்கள். தம்பிக்கு எட்டவில்லையா, கேபோவை ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு இறக்குங்கள், ஏ மைனர் கிடைக்கும். பெண் பிள்ளை பாடினால் கேபோ இல்லாமலே முயன்று பாருங்கள்.

வேகம் நிமிடத்துக்கு 74 தட்டு போல. சீராகத் தட்டு எண்ணிக் கொடுக்கும் மெட்ரோனோமை வைத்தே பழகுங்கள். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸில் வேகவேகமாக அடித்துப் பழகிய கை இங்கே ஓடப் பார்க்கும். இந்த மெட்டுக்கு அவர்கள் முதலில் வைத்திருந்த பெயரே 'மெக்சிகன் ரெகே'. தட்டுகளுக்கு இடையில் வெட்டி வெட்டி விழும் அந்த ரிதம் கிட்டாரை ஒருவர் தனியாகப் பிடித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது லீட், அதாவது பாடி முடித்த பிறகு வரும் தனி கிட்டார் வாசிப்பு. இதில் சொந்தச் சரக்கைச் சேர்க்காதீர்கள். மயாமி ஸ்டுடியோவில் ஃபெல்டரும் குழுவின் இன்னொரு கிட்டார்காரரான ஜோ வால்ஷும் புதிதாக வாசிக்க ஆரம்பித்தபோது ஹென்லி நிறுத்திவிட்டார். ஃபெல்டர் முதலில் மாதிரிக்காகப் பதிவு செய்த டேப்பில் இருப்பதுதான் வேண்டும் என்றார். டேப்போ ஃபெல்டரின் வீட்டில். அவர் வீட்டுக்கு ஃபோன் போட்டு, அங்கே வீட்டு வேலை பார்க்கும் பெண்ணை அந்த டேப்பை ஓடவிடச் சொல்லி, ஃபோனில் கேட்டுத்தான் மறுபடி கற்றுக்கொண்டார். எழுதிவைத்த கீர்த்தனையைப் போல ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் உண்டு. அந்த மரியாதையோடு கற்றுக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று ஃபெல்டர், அடுத்தது வால்ஷ். அப்புறம் இருவரும் சின்னச் சின்னத் துண்டுகளாக மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள், கடைசியில் சேர்ந்து வாசிக்கிறார்கள். நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த மண்ணில் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் இரட்டை நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பது நமக்குப் புதிதில்லை. ஒரு வித்தியாசம், அந்தக் கடைசிப் பகுதியில் இரண்டு கிட்டாரும் ஒரே சுரத்தை வாசிக்காது. இருவருமே கார்டின் மூன்று சுரங்களுக்குள் நிற்பார்கள், ஆனால் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இரண்டு பேரையும் தனித்தனியாகப் பழகவிட்டு, அப்புறம் பாதி வேகத்தில் சேர்த்து உட்கார வையுங்கள். ஜோடி சேராவிட்டால் இந்தப் பாட்டை எடுக்காதீர்கள். லீடுக்கு ஒரே ஒரு கிட்டாரை வைத்துச் சமாளிப்பது பாட்டுக்குச் செய்யும் அநியாயம்.

எலெக்ட்ரிக் கிட்டாரோ டிரம்ஸோ இல்லையென்றால் 1994-இல் ஈகிள்ஸ் மறுபடி சேர்ந்து வாசித்த பதிவைத் தேடிக் கேளுங்கள். அகூஸ்டிக் கிட்டாரும் கையால் தட்டும் தாளமுமாக இருக்கும். கஹோன் (கையால் தட்டும் மரப்பெட்டி) வைத்திருக்கும் பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு அது போதும்.

வீட்டுப் பெரியவர்கள், "இது பிசாசுப் பாட்டாமே?" என்று கேட்பார்கள். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். அது வதந்தி. ஆல்பத்தின் அட்டைப் படத்தில் இருப்பது பெவர்லி ஹில்ஸ் ஹோட்டல் என்ற சாதாரணக் கட்டடம். ஒன்றும் அறியாத மனசு பணத்தையும் ஆடம்பரத்தையும் தேடிப் போய், மீள முடியாமல் மாட்டிக்கொள்வதைத்தான் பாட்டு சொல்கிறது என்று ஹென்லியே விளக்கியிருக்கிறார். வரிகளின் பொருளைச் சொல்லிக் காட்டுங்கள், பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

மேடையில் இன்னொரு சிக்கல், முடிவு. பழைய ரெக்கார்டில் பாட்டு முடிவதே இல்லை, ஒலி குறைந்து மறைந்துவிடுகிறது. மேடையில் அப்படிச் செய்ய முடியாது. சேர்ந்து வாசிக்கும் சுற்று எத்தனை முறை என்று ஒத்திகையிலேயே பேசிக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றில் எஃப் ஷார்ப் வரும்போது டிரம்ஸ்காரர் தலையசைக்கட்டும். எல்லோரும் பி மைனரில் ஒரே அடியாக இறங்கி, கம்பியை அமுக்காமல் விடுங்கள். ஒலி தானாக அடங்கிய பிறகு ஆம்ப்பை அணைத்தால் போதும்.