கூரையில் பொசம் புகுந்தால் செய்யக் கூடாதவை

மெல்பர்ன், சிட்னி பக்கம் ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமாகியிருக்கும். இருட்டியதும் சீலிங்குக்கு மேலே யாரோ பூட்ஸ் காலோடு நடப்பதுபோல் திம் திம்மென்று கேட்கும். கூடவே தொண்டை கரகரக்கும் ஓர் உறுமல். பலரும் இதை எலி என்று நினைத்து விஷம் வைத்துவிடுகிறார்கள். எலி ஓடினால் கீறுகிற மாதிரி லேசாகத்தான் கேட்கும். கூரையில் குடியேறுவது பெரும்பாலும் பிரஷ்டெயில் பொசம்; குட்டியை வயிற்றுப்பையில் சுமக்கும், மரமேறும் இரவு விலங்கு. நன்கு வளர்ந்தது நான்கு கிலோவைக்கூடத் தாண்டலாம். ஆஸ்திரேலியாவில் அது சட்டப் பாதுகாப்பு பெற்ற உயிரினம், விஷம் வைப்பது குற்றம். தண்டனை ஒரு பக்கம் இருக்கட்டும், செத்தது எட்டாத மூலையில் கிடந்து நாறினால் நீங்கள்தான் வீட்டைவிட்டு ஓட வேண்டியிருக்கும்.

அடுத்தது, கூண்டில் பிடித்து எங்கேயாவது தூரத்துக் காட்டில் விட்டுவருவது. புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். ஆனால் அந்தக் காட்டில் நல்ல பொந்துகளை எல்லாம் ஏற்கெனவே வேறு பொசம்கள் பிடித்து வைத்திருக்கும். புதிதாக வந்தது இடம் தேடி அலைந்து, நரியிடமோ காரிலோ அடிபட்டுச் சாகத்தான் வாய்ப்பு அதிகம். இதனால்தான் மெல்பர்ன் உள்ள விக்டோரியா மாநிலத்தில் கட்டடத்துக்குள் பிடித்த பொசமை அன்று மாலையே, பிடித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள், அதே வளாகத்தில் விட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். சிட்னி உள்ள நியூ சவுத் வேல்ஸில் பிடிப்பதற்கே உரிமம் வேண்டும். அங்கே எல்லை 150 மீட்டர். சரி, எப்படியோ தூரத்தில் விட்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஓட்டை திறந்தே இருக்கிறதே, அடுத்த பொசம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆக, அடைக்க வேண்டியது ஓட்டையை. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பகலில் பொசம் தூங்கும் நேரத்தில் அடைத்தால் அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். முதலில் வழியைக் கண்டுபிடியுங்கள்: உடைந்த ஓடு, கூரை விளிம்பில் பலகை விட்ட இடம். அது புழங்கும் ஓட்டையின் ஓரம் உடம்பு உரசி உரசிப் பழுப்பாக, எண்ணெய் பிசுக்கேறியிருக்கும்; ரோமமும் ஒட்டியிருக்கும். மற்ற ஓட்டைகளை அடைத்துவிட்டு இதை மட்டும் விட்டுவையுங்கள். இருட்டியபின் அது இரைதேடக் கிளம்புவதைக் கண்ணால் பார்த்த பிறகு தகரமோ கெட்டியான கம்பி வலையோ வைத்து மூடுங்கள்.

தாயாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. குட்டி நான்கைந்து மாதம் வயிற்றுப்பையில் இருக்கும், அப்புறம் கொஞ்ச காலம் முதுகில் சவாரி செய்யும். முதுகுப் பருவத்தில் சில சமயம் உள்ளேயே தங்கிவிடலாம். மூடிய பிறகு சத்தம் கேட்டால் யோசிக்காமல் திறந்துவிடுங்கள்.

மூடுவதற்கு முன்பே தோட்டத்து மரத்தில், தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்திலாவது ஒரு மரப்பெட்டி கட்டிவிட வேண்டும். பலர் இதைச் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். போக இடமில்லாத பொசம் பக்கத்து ஓடு ஒன்றைப் பெயர்க்கத்தான் பார்க்கும். கூரையில் அது படுத்திருந்த குப்பையில் கொஞ்சம் எடுத்துப் பெட்டிக்குள் போட்டால், சொந்த வாசனை பிடித்து வரும். கூரையைத் தொடும் கிளைகளையும் வெட்டிவிடுங்கள்.

ஷெட்டில் இருந்தால் வேலை சுலபம்: மாலையில் கதவைத் திறந்துவைத்து, போனபின் மூட வேண்டியதுதான். பகலில் துடைப்பத்தோடு விரட்டினால் நகத்தால் கிழித்துவிடும்.

நாப்தலீன் உருண்டை, பூண்டு, மிளகாய்த்தூள் எதையும் நம்பிப் பயனில்லை. நாப்தலீன் ஆவி கைக்குழந்தைகளுக்கு, குறிப்பாக ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ளவர்களுக்கு, ஆபத்து. காக்காய்க்கு என்று வேலி மேல் சோறு வைப்பவர்கள் மிச்சத்தை இருட்டுவதற்குள் எடுத்துவிடுங்கள். ராத்திரி அதைத் தேடி வருவது காக்காய் இல்லை.

கடைசியாக ஒன்று: இணையத்தில் தேடும்போது எந்த நாட்டு ஆலோசனை என்று பாருங்கள். நியூசிலாந்தில் இதே விலங்கு 1837-இல் ரோமத் தொழிலுக்காகக் கொண்டுவரப்பட்டு, இன்று காட்டை அழிக்கும் தொல்லையாகிவிட்டது. அங்கே கொல்லச் சொல்வார்கள். அமெரிக்க ஒபொசம் வேறு விலங்கு.