600 பேர், 1,201 குவெரி

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனில் நாலைந்து பிள்ளைகளுக்கு லாராவெல் (பிஎச்பி மொழியில் வெப் புரோகிராம் எழுத உதவும் சட்டகம்) சொல்லிக் கொடுக்கிறேன். போன வாரம் கொட்டகலைத் தம்பி ஒருவர், பக்கம் சுற்றிக்கொண்டே இருப்பதைக் காட்டி, "லைன் ஸ்லோ போல அண்ணே" என்றார். லைனில் ஒரு பிழையும் இல்லை. நானும் இதையே சொல்லி மூன்று மாதம் ஏமாந்தவன். புதிதாக எழுதுகிறவர்கள் விடும் பிழைகள் என்று பேக்கப் எடுக்காதது, பாஸ்வேர்டை அப்படியே சேமிப்பது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதையெல்லாம் விடுகிறேன்.

லூப்புக்குள் குவெரி

ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து நிறுவைக் கணக்கு செய்து கொடுத்தேன். 600 பேர், 4 டிவிஷன். ஆட்களை ஒரு குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வி) எடுத்தேன். பிறகு ஆட்களை ஒவ்வொருவராகச் சுற்றி வரும் லூப்புக்குள், ஒவ்வொரு ஆளிலிருந்தும் அம்புக்குறி (->) போட்டு டிவிஷன், இன்னொரு அம்புக்குறி போட்டு நிறுவை. எழுதும்போது கையில் இருக்கிற சாமானை எடுப்பது போலத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு அம்புக்குறியும் டேட்டாபேஸுக்கு ஒரு நடை. 1 + 600 + 600. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குச் செக்ரோலை (ஆட்களின் பெயர்ப் பதிவேடு) கொண்டுவராத கிளாக்கர், ஒவ்வொருவர் நிறுக்கும்போதும் ஆபீசுக்கு ஏறிப்போய் அந்த ஒரு பெயரை மட்டும் பார்த்துவிட்டு இறங்கி வந்தால் எப்படி இருக்கும்?

என் லெப்டொப்பில் சோதனைக்கு 8 பேர்தான் இருந்தார்கள், பக்கம் பட்டென்று வந்தது. தோட்டத்திலோ புரோகிராம் ஆபீஸ் விண்டோஸ் மெஷினில், டேட்டாபேஸ் சிங்கப்பூரில். நடைக்கு 50 மில்லிசெக்கன் என்றே வைத்தாலும் மொத்தம் ஒரு நிமிடம். விண்டோஸில் பிஎச்பி, புரோகிராம் ஓடும் நேரத்தை எண்ணும்போது டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே எண்ணும். வழக்கமான வரம்பு 30 செக்கன். பாதி வழியில் பக்கம் விழுந்துவிடும்.

நான் மழையைக் குறை சொன்னேன், டவரைக் குறை சொன்னேன். கடைசியில் சிங்கப்பூர் சர்வரை இரண்டு மடங்கு பெரிதாக்கி, டொலரில் காசு கட்டினேன். ஒன்றும் குறையவில்லை. எப்படிக் குறையும்? சர்வர் சும்மாதான் இருந்தது, நேரம் போனது நடையில். ஓடிய குவெரிகளின் பதிவைத் திறந்த அன்றுதான் பார்த்தேன், அதே 4 டிவிஷன் பெயர்களை 600 தடவை கேட்டிருக்கிறேன்! அந்த டொலர் கணக்கு இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

திருத்தம் ஒரு வரி. முதல் குவெரியிலேயே 'வித்' (with) போட்டு டிவிஷன், நிறுவை என்ற இரண்டு உறவையும் சொல்லிவிட்டால், லாராவெல் ஐடிக்களைத் திரட்டி டிவிஷன்களை ஒரு தடவை, நிறுவைகளை ஒரு தடவை கேட்கும். மொத்தம் 3 குவெரி. இதே வேலைக்குப் பைதன் மொழியின் ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட், பிரிஃபெட்ச் ரிலேட்டட். ரூபி மொழியின் ரெயில்ஸில் இன்க்லூட்ஸ்.

'வித்' போட்டுவிட்டேனே!

தம்பியும் போட்டிருந்தார். அப்படியும் 600 குவெரி. பார்த்தால், லூப்புக்குள் உறவின் பெயருக்குப் பின்னால் ஒரு அடைப்புக்குறி (). அது இல்லாமல் கேட்டால் எடுத்து வைத்தது வரும், போட்டுக் கேட்டால் புதுக் குவெரி ஓடும். இந்த மாதக் கணக்கு மட்டும் வேண்டும் என்று லூப்புக்குள் வடிகட்டியிருக்கிறார். அந்த நிபந்தனை 'வித்'துக்குள் போக வேண்டும்.

லேசி லோடிங்கை, அதாவது முன்கூட்டி எடுக்காமல் கேட்கும்போது மட்டும் போய் எடுப்பதை, தடுக்கும் வசதி லாராவெல் 8இலேயே வந்துவிட்டது. எழுதுகிற மெஷினில் அதைப் போட்டு வையுங்கள், லூப்பில் சிக்கினால் பிழை காட்டும். ஆனால் இந்த அடைப்புக்குறியை அது பிடிக்காது. குவெரியில் ஒரே ஒரு ஆள் வந்தாலும் வாய் திறக்காது. அதனால் சோதனைக்கு 8 பேர் போதாது, 600 பேரைப் போடுங்கள்.

கூட்டுத்தொகைக்காக மூட்டையை இழுப்பது

மொத்தக் கிலோ மட்டும் வேண்டுமென்றால் நிறுவை வரிகளையெல்லாம் இழுக்க வேண்டாம், 'வித்'துக்குப் பதில் 'வித்சம்' (withSum). டேட்டாபேஸ் கூட்டட்டும்.

ஆளுக்குக் கடைசி 5 நிறுவை

லாராவெல் 11க்கு முன்னர் 'வித்'துக்குள் லிமிட் 5 போட்டால், எல்லோருக்கும் சேர்த்தே 5. 600 பேரில் யாருக்கோ சில வரி, மற்றவர்களுக்கு வெறும் கட்டம். பிழைச் செய்தியும் வராது.

இண்டெக்ஸ்

இண்டெக்ஸ் என்பது டேட்டாபேஸ் வரிகளைச் சீக்கிரம் தேட வைத்திருக்கும் அட்டவணை. மைஎஸ்கியூஎல்லில் ஃபொரின் கீ (ஒரு டேபிளின் வரியை இன்னொரு டேபிளோடு இணைக்கும் ஐடி) போட்டால் அது தானாக வரும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் வராது, நீங்கள்தான் போட வேண்டும்.