தரவுக் கோப்பை அனுப்பிவிட்டால் போதுமா? கூட்டாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்துபோகும் ஆய்வாளர்களின் தகவல்கள் தொலைந்துபோகாமல் காக்க வேண்டும் என்பதற்காகத்தான், ஜெனிவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். இன்று நாம் பயன்படுத்தும் வைய விரிவு வலை அதிலிருந்து பிறந்தது. அதன்பின் கருவிகள் பன்மடங்கு பெருகிவிட்டன. ஆனாலும் கோப்பை அனுப்புபவர், தமக்குத் தெரிந்ததெல்லாம் பெறுபவருக்கும் தெரியும் என்று எண்ணிக்கொள்ளும் பழக்கம் மாறவில்லை. கூட்டாய்வில் நேரும் பிழைகளில் பலவற்றுக்கு அதுவே வேர்.

இவற்றில் மிகவும் பரவலானது, எக்செல் தானாகச் செய்யும் மாற்றத்தைக் கவனிக்காமல் விடுவது. செப்ட்2 என்ற மரபணுவின் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டர் அழுத்தினால், கட்டத்தில் வந்து நிற்பது செப்டம்பர் 2 என்ற தேதி. மார்ச்1 என்ற மரபணுவும் அப்படியே மார்ச் முதல் தேதியாகிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்துத் தந்த ஆய்வுக்கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாக 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழுவே இறங்கிவந்து, செப்ட்2 என்பதைச் செப்டின்2 என்றும் மார்ச்1 என்பதை மார்ச்எஃப்1 என்றும் மாற்றியதை 2020-இல் அறிவித்தது. ஒரு மென்பொருளின் பழக்கத்துக்காக உயிரியல் தன் சொற்களை மாற்றிக்கொண்டது வேடிக்கைதான். பெயர்கள் உள்ள நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என வகைப்படுத்திவிட்டுத் தரவை உள்ளிடுவது பாதுகாப்பானது. சிஎஸ்வி கோப்பாக, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாக, அனுப்பினால் தொல்லை தீர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள்; பெறுபவர் அதை இருமுறை சொடுக்கி எக்செல்லில் திறந்தால் அதே மாற்றம் அங்கேயும் நிகழலாம்.

கோப்பின் வடிவமும் சிறிய விஷயமன்று. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் தினசரிக் கணக்கில் விடுபட்டது; 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காத பழைய எக்செல் வடிவில் தரவைத் திரட்டியதே காரணம். அலகைக் குறிப்பிடாமல் எண்ணை மட்டும் அனுப்பும் தவறுக்கு 1999-இல் செவ்வாயருகே தொலைந்த நாசாவின் விண்கலம் சான்று: ஒரு குழு பவுண்டு-விசை என்ற அலகில் தந்த எண்ணை, இன்னொரு குழுவின் மென்பொருள் விசையின் மற்றோர் அலகான நியூட்டன் கணக்காக எடுத்துக்கொண்டது. அலகைத் தனிக் குறிப்பில் எழுதாமல், நெடுவரிசையின் தலைப்பிலேயே எழுதிவிடுவது நல்லது.

பகிர்ந்த கோப்புறையையே காப்புநகலாகக் கருதுவது அடுத்த தவறு. அதில் ஒருவர் அழித்தால் எல்லாருடைய கணினியிலும் அழியும். காப்புநகல் எடுப்பதையும் அதைச் சரிபார்ப்பதையும் நிரலிடமே விட்டுவிட முடியாது என்பதற்கு, 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியில் (சூப்பர் கம்ப்யூட்டர்), காப்புநகல் எடுக்க வேண்டிய நிரலே பிழையாக ஓடி சுமார் 77 டெராபைட் தரவை அழித்தது சாட்சி.

எல்லாவற்றையும் இணையத்தின் வழியாகவே, எல்லாருடனும், எந்நேரமும் பகிர வேண்டும் என்று எண்ணுவதும் தவறே. உலகின் பல இடங்களிலுள்ள தொலைநோக்கிகளைச் சேர்த்துக் கருந்துளையைப் படமெடுத்த ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கித் திட்டத்தில், 2017 ஏப்ரலில் பதிவான தரவு இணையத்தில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்ததால், வன்தட்டுகளில் ஏற்றி விமானத்தில் அனுப்பினார்கள்; தென்துருவத்தின் வன்தட்டுகள் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் வரும்வரை மாதக்கணக்கில் காத்துக்கிடந்தன. தரவு ஒன்று சேர்ந்த பிறகும், ஒருவர் கண்டதை மற்றவரும் காணத் தொடங்கிவிடக் கூடாது என்று ஆய்வாளர்களை 4 குழுக்களாகப் பிரித்து, அவர்களுக்குள் பேச்சே கூடாது எனத் தடுத்துவிட்டார்கள். 2018 ஜூலையில் நான்கு படங்களையும் அருகருகே வைத்தபோது, நான்கிலும் அதே வளையம் தெரிந்தது.