புது டர்போ கார் எடுத்தாச்சா? முதல் 2,000 கி.மீ. இப்படி ஓட்டுங்கள்

திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் வாசலில் பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாகிவிட்டது. அடுத்து எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் போய் ஒரு மிதி மிதித்துப் பார்க்கணும். 150 குதிரைத்திறன் கொண்ட கார் என்றால் அந்த ஆசை இன்னும் கூடும். கொஞ்சம் பொறுங்கள். அதே சமயம், வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுபோல ஆயிரம் கிலோமீட்டருக்கு 40-லேயே உருட்டிக்கொண்டும் இருக்காதீர்கள். இரண்டுமே இன்ஜினுக்கு ஆகாது.

ஏன் என்று முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். மாதவரத்தில் லாரி இன்ஜின்களுக்கு ரீபோர் அடிக்கும், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும், ஒரு லேத் பட்டறையில் என் சித்தப்பா வேலை பார்த்தார். பள்ளி விடுமுறையில் நான் அங்கேதான் கிடப்பேன். ஒருநாள் ஹோனிங் (சிலிண்டர் உள்சுவரைத் தீட்டும் வேலை) முடித்த இன்ஜின் பிளாக்கைத் துணியால் துடைத்துவிட்டு, சிலிண்டருக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். உள்சுவர் முழுக்க, பாய் பின்னியதுபோலக் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள். நகத்தால் வருடினால் லேசாக நரநரவென்றது. “இந்தக் கோட்டுலதான்டா ஆயிலு நிக்கும். இந்தச் சொரசொரப்பு இருக்கும்போதே ரிங்கு உக்காந்துடணும். அப்ப உக்காரலன்னா அப்புறம் உக்காராது” என்றார்.

புது இன்ஜினைப் பழக்கும் ‘ரன்னிங் இன்’ என்பது இதுதான். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையமான பிஸ்டன் ரிங்குக்குச் சுவரோடு ஒட்டி உட்காரும் அளவு சொந்த விறைப்பு கிடையாது. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு தள்ளுகிறது. ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினால் அந்த அழுத்தம் போதாது. கோடுகளின் முனை வழவழப்பாகிவிடும், ரிங் உட்காராது, பிற்பாடு ஆயில் குடிக்கும். எடுத்ததுமே முழு மிதி மிதித்தால் இன்னும் பழகாத பரப்புகள் உரசிச் சூடேறி, கீறல் விழும். ஆகவே நடுவாந்தரமான சுமை, அதையும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். இன்றைய ஹோனிங் அந்த லாரி பிளாக்கைவிடப் பல மடங்கு நேர்த்தியானது, வேலையில் பாதி தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. மீதியை முடிப்பது ஓட்டுகிற நீங்கள்தான்.

படி 1: காரோடு வந்த மேனுவலைத் திறவுங்கள்

காரை வெளியே எடுக்கும் முன்பே செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கணக்கு சொல்லும். முதல் 1,000 கி.மீ.க்கு 2,000-க்கும் 4,000-க்கும் இடையில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) இருக்கட்டும், ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதீர்கள் என்கிறது ஹூண்டாய். ஃபோக்ஸ்வேகன், முதல் 1,000 கி.மீ. வரை உச்ச ஆர்பிஎம்மில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாதே, 1,500 கி.மீ. வரை படிப்படியாக ஏற்று என்கிறது. பிஎம்டபிள்யூவின் ‘எம்’ (M) என்னும் வேகக் கார்களுக்கு 2,000 கி.மீ. வரை 5,500 ஆர்பிஎம், 170 கி.மீ. வேகம்தான் எல்லை, அந்த 2,000-ல் ரன்னிங் இன் சர்வீஸ் ஒன்றும் உண்டு. மெக்கானிக் சொன்னது, யூடியூபில் பார்த்தது எதுவானாலும் உங்கள் மேனுவலுக்குப் பிறகுதான். கீழே நான் சொல்வதற்கும் இதே விதி.

ஆர்பிஎம் மீட்டரில் உச்ச எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு 6,000-ல் தொடங்கும் காருக்கு மூன்றில் இரண்டு பங்கு என்றால் 4,000. அந்த எண்ணை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

படி 2: குளிர்ந்த இன்ஜினை மிரட்டாதீர்கள்

ஸ்டார்ட் செய்து அரை நிமிடம், சீட் பெல்ட் போடும் நேரம், போதும். நம்ம ஊர் வெயிலுக்குப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்துச் சூடேற்றத் தேவையே இல்லை. அப்படி வைத்தால் சரியாக எரியாத பெட்ரோல் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிவிடும். மெதுவாகக் கிளம்பிவிடுங்கள். இன்ஜின் சூட்டைக் காட்டும் கூலன்ட் முள் நடுவுக்கு வந்ததும் இன்ஜின் தயார் என்று நினைக்கிறோம். ஆனால் ஆயில் சூடாவது அதற்கும் பிறகுதான். முள் நடுவுக்கு வந்த பின்னும் பத்து நிமிடமாவது 2,500-க்குள் ஓட்டுங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பினால் மூலக்கடை போய்ச் சேருவதற்குள் அது தானாக நடந்துவிடும்.

படி 3: முதல் 300 கி.மீ., ஊருக்குள்

இது பிரேக்குக்கும் டயருக்கும் சேர்த்துத்தான். புது பிரேக் பேடு டிஸ்கோடு பொருந்த 200, 300 கி.மீ. ஆகும். புது டயரின் மேல்தோல் தேய்ந்து முழுப் பிடிப்பு வர ஏறக்குறைய 500 கி.மீ. மழை பெய்த மணலிச் சாலையில், கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் போகும்போது இதை மறக்கவே கூடாது.

ஊருக்குள் சிக்னலும் நெரிசலும் ஆர்பிஎம்மை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும், அது நல்லதுதான். ஒரே ஒரு தப்பை மட்டும் செய்யாதீர்கள்: மைலேஜ் ஆசையில் ஐந்தாம் கியரில் 1,200 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது, கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை அமுக்குவது. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும், டர்போ விசிறியால் கூடுதல் காற்றைத் தள்ளும் இன்ஜினில், தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து இந்த இடத்தில்தான் அதிகம். பிஸ்டனே உடையலாம். மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது மூன்றாம் கியருக்கு வாருங்கள். இன்ஜின் முனகாமல் இழுக்கணும்.

படி 4: 300 முதல் 1,000 வரை, நெடுஞ்சாலை

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மாதவரம் ரவுண்டானாவிலிருந்து ஜிஎன்டி சாலையைப் பிடியுங்கள். செங்குன்றம், காரனோடை, தச்சூர் வழியாகக் கும்மிடிப்பூண்டி போய்த் திரும்பினால் ஏறக்குறைய 70 கி.மீ. வேகத்தைத் தானாக ஒரே அளவில் பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலைத் தொடாதீர்கள். ஒரே வேகம்தான் இந்தக் கட்டத்தில் எதிரி.

பின்னால் வண்டி எதுவும் நெருங்கி வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். நாலாம் கியரில் 2,000 ஆர்பிஎம்முக்கு வாருங்கள். ஆக்சிலேட்டரைப் பாதிக்குக் கொஞ்சம் மேல் வரை நிதானமாக அமுக்குங்கள். 3,500 வந்ததும் காலை முழுக்க எடுத்துவிட்டு, அதே கியரில் வண்டி தானாக 2,000-க்கு இறங்கும்வரை விடுங்கள். அமுக்கும்போது வாயு ரிங்கைச் சுவரோடு தள்ளுகிறது. காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சல் உண்டாகி ஆயில் மேலேறுகிறது, ரிங் நனைந்து சூடு தணிகிறது. பத்துப் பன்னிரண்டு தடவை இப்படிச் செய்துவிட்டு, நடுவில் கொஞ்ச தூரம் சும்மா ஓட்டுங்கள். கொசஸ்தலையாற்றுப் பாலம் தாண்டினால் இதற்கு நல்ல இடம் கிடைக்கும். வேக வரம்புப் பலகையை மதித்துக்கொண்டே இதைச் செய்ய முடியும், வேகம் 100-ஐத் தொடவே தேவையில்லை. என்னைக் கேட்டால், ரன்னிங் இன்னின் உயிரே இந்த ஒரு பயிற்சியில்தான் இருக்கிறது.

ஆட்டோமேட்டிக் என்றால், கியரை நீங்களே மாற்றும் மேனுவல் மோடுக்கு மாற்றிக் கியரைப் பிடித்து வையுங்கள். இல்லாவிட்டால் அது ஓயாமல் மேல் கியருக்கே தாவும்.

வீடு திரும்பும்போது கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக வாருங்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். கொதிக்கக் கொதிக்க ஆஃப் செய்தால் அந்த ஆயில் அங்கேயே கருகும்.

படி 5: ஆயில் கம்பி

500 கி.மீ.க்கு ஒருமுறை சமதரையில் நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, ஆயில் அளவைக் காட்டும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். புது இன்ஜின் கொஞ்சம் ஆயில் எடுப்பது இயல்பு. குறைந்திருந்தால் மேனுவலில் போட்ட கிரேடு மட்டும் ஊற்றுங்கள். கூடுதல் வழுவழுப்புக்கு என்று கடையில் விற்கும் எந்தக் கலவையும் இப்போது வேண்டாம், ரிங் உட்காரத் தேவையான உராய்வையே அது கெடுக்கும்.

முதல் ஆயில் மாற்றம் எப்போது? கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்றினாலும் தப்பில்லை. ஆனால் ஆரம்பத் தேய்மானத்தின் பொடி முதல் ஆயிலில்தான் அதிகம் சேர்கிறது. அழுத்தி மிதித்து ஓட்டப் போகிற கார் என்றால் 1,500 முதல் 2,000-க்குள் கைக்காசு போட்டு ஒருமுறை மாற்றிவிடுவதுதான் என் விருப்பம். பில்லைப் பத்திரமாக வையுங்கள், வாரன்டிக்கு உதவும்.

படி 6: 1,000-க்குப் பிறகு

ஒவ்வொரு 200 கி.மீ.க்கும் 500 ஆர்பிஎம் ஏற்றுங்கள். 4,500, 5,000, 5,500. ஒவ்வொரு உயரத்தையும் தொட்டுவிட்டு உடனே இறங்குங்கள், அங்கேயே பிடித்து வைக்க வேண்டாம். 2,000 வரும்போது, ஆயில் நன்றாகச் சூடான பிறகு, ஆளில்லாத நேர்ச்சாலையில் இரண்டாம் கியரில் சிவப்புக் கோடு வரை ஒருமுறை முழுசாக மிதியுங்கள். இரண்டாம் கியர் என்பதால் வேகம் பெரிதாக ஏறாது, இன்ஜின் மட்டும் தன் முழு மூச்சையும் காட்டும். பிறகு ஆறாம் கியருக்கு மாற்றி, இன்ஜினை ஆறவிட்டபடி செங்குன்றம் பக்கம் திரும்புங்கள். வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் ஆயில் கம்பியை இன்னொரு தடவை உருவிப் பாருங்கள்.