வறட்சியையும் உப்பையும் தாங்கும் பயிர்கள்: ஆய்விலும் வாசிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிச்சாவரத்தின் உப்பங்கழியில் நிற்கும் வெண்கண்டல் மரத்தின் இலையை வெயில் ஏறிய நேரத்தில் விரலால் தடவினால், நுண்ணிய உப்புப் பொடி விரலில் ஒட்டிக்கொள்ளும். வேர் வடிகட்டியதுபோக உள்ளே வந்துவிட்ட உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுகின்றன. அவிசென்னியா மரினா என்ற தாவரவியல் பெயர் கொண்ட இந்த மரத்திலிருந்து மரபணுக்களைப் பிரித்தெடுத்து நெல்லில் சேர்க்கும் பணியை, சென்னை தரமணியில் உள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் தாவர அறிவியலாளர் அஜய் பரிடாவின் குழு பல ஆண்டுகள் மேற்கொண்டது. 2008-ல் வெளியான அக்குழுவின் கட்டுரை ஒன்று, வெண்கண்டலின் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதிக்கான மரபணுவைப் பெற்ற பூசா பாஸ்மதி-1 நெற்செடிகள், 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு கலந்த நீரில் எட்டு நாட்கள் தாக்குப்பிடித்தன என்றும், மரபணு சேர்க்கப்படாத செடிகள் அதற்குள் வாடிவிட்டன என்றும் தெரிவித்தது.

அது கவனமாகச் செய்யப்பட்டு, அளவோடு எழுதப்பட்ட முடிவு. ஆனால் இத்தகைய முடிவு ஆய்வகத்தைத் தாண்டி வெளியே வரும்போது, 'கடல்நீரில் விளையும் நெல்' என்று மாறிவிடுகிறது. தவறுகளின் தொடக்கம் இங்கேதான். 150 மில்லிமோலார் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 8.8 கிராம் உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கரைந்திருக்கிறது. நெல்லோ, உப்பின் அளவைக் காட்டும் மண்கரைசல் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் என்ற அளவைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும் பயிர். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 விழுக்காடு இழப்பு என்பது வேளாண் நூல்களில் நெடுங்காலமாக உள்ள கணக்கு. வெண்கண்டல் கடலோரத்தில் வாழ்வதற்கு அதன் வேரின் வடிகட்டும் திறன், இலைச் சுரப்பி, உயிரணுவின் நுண்குமிழியில் உப்பை ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு என்று பல பண்புகள் சேர்ந்து உழைக்கின்றன. நெல்லுக்குக் கிடைத்ததோ, உப்பின் தாக்கத்தால் உயிரணுவுக்குள் பெருகும் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் செயலிழக்கச் செய்யும் நொதிகளில் ஒன்று மட்டுமே. ஒரு மரபணுவை எடுத்து வந்ததனால் அந்த மரத்தின் வாழ்க்கை முழுவதும் நெல்லுக்குள் வந்துவிடாது.

பிழைத்தலும் விளைதலும்

என் கருத்தில், இத்துறையின் ஆகப் பெரிய தவறு, செடி பிழைத்திருப்பதையே விளைச்சல் என்று எண்ணிக்கொள்வது. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஒரு பசுமைக்குடிலில் இரண்டு வரிசைத் தொட்டிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு வரிசையில் மரபணு மாற்றிய செடிகள், மறு வரிசையில் தாய் ரகச் செடிகள். இரண்டுக்கும் ஒரே நாளில் தண்ணீரை நிறுத்தி, இரண்டு வாரம் கழித்துப் படம் எடுக்கிறோம். முதல் வரிசை பசுமையாக நிற்கிறது. இரண்டாவது வரிசை வைக்கோல் நிறத்தில் சாய்ந்து கிடக்கிறது. தாவர மூலக்கூறு உயிரியல் படித்த எவரும் இப்படிப்பட்ட படத்தைப் பலமுறை பார்த்திருப்பார்கள். ஆனால் தண்ணீரை நிறுத்திய அன்றே இரண்டு செடிகளின் இலைகளையும் அளந்திருந்தால், பல நேரங்களில் மரபணு மாற்றிய செடி சிறியதாகவும், அதன் மொத்த இலைப்பரப்பு குறைவாகவும் இருப்பது தெரியவந்திருக்கும். இலைப்பரப்பு குறைந்த செடி மெதுவாக நீர் குடிக்கும். எனவே பத்தாம் நாளில் தாய் ரகத்தின் தொட்டியில் மண் விரிசல் விட்டிருக்கும்போது, மற்றத் தொட்டியின் மண் கையில் பிடித்தால் உருண்டையாகத் திரளும் ஈரத்துடன் இருக்கும். தாகமே எடுக்காத செடியை, தாகத்தைத் தாங்கிய செடி என்று எழுதிவிடுகிறோம்.

இதைத் தவிர்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு தொட்டியையும் நாள்தோறும் ஒரே நேரத்தில் தராசில் வைத்து எடை பார்த்து, கூடுதலாக உலர்ந்த தொட்டிக்கு அந்த அளவு நீரை மட்டும் ஊற்றி, இரண்டு மண்ணின் ஈரத்தையும் ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும்; அல்லது இரண்டு செடிகளையும் ஒரே பெரிய தொட்டியில் நட்டு, ஒரே மண்ணைப் பகிர்ந்துகொள்ளச் செய்ய வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் இந்த எடைப் பதிவேடு இல்லாத வறட்சிச் சோதனையின் முடிவை நம்புவதற்கு நான் தயங்குவேன்.

ஆஸ்திரேலிய அறிவியலாளர் ஜான் பாசியூரா 1977-லேயே ஒரு தெளிவான கணக்கை முன்வைத்தார். நீர் குறைந்த நிலத்தில் கிடைக்கும் தானிய விளைச்சல் என்பது, பயிர் மண்ணிலிருந்து எடுத்த நீரின் அளவு, அந்த நீரைக் கொண்டு உடலை வளர்த்த திறன், வளர்ந்த உடலில் தானியமாக மாறிய பங்கு ஆகிய மூன்றின் பெருக்கல். செடி எத்தனை நாள் சாகாமல் இருந்தது என்ற கேள்விக்கு இக்கணக்கில் இடமே இல்லை. வயலில் செடி செத்துப்போகும் அளவுக்கு வறட்சி வந்தால், பிறகு மழை பெய்து அது துளிர்த்தாலும் களத்துக்கு நெல் வராது. உழவரைப் பெரும்பாலும் வருத்துவது, கதிர் வரும் நேரத்தில் பத்து நாள் மழை பொய்த்து, விளைச்சலில் நான்கில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடும் மிதமான வறட்சியே. அதில் இலைத்துளைகளை இறுக மூடிக்கொண்டு நீரைச் சேமிக்கும் செடி, கார்பன் டை ஆக்சைடையும் உள்ளே விடாமல் பட்டினி கிடக்கும். அது உயிரோடு இருக்கும். ஆனால் கதிர் பதராகும்.

எப்போதும் எரியும் விளக்கு

மரபணுவைச் சேர்ப்பதோடு, அது எங்கே, எப்போது இயங்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் ஊக்கிப் பகுதியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜப்பானில் கசுவோ ஷினோசாகி, கசுகோ யமகுச்சி-ஷினோசாகி ஆகியோரின் குழுக்கள் செய்த பணி இதற்குச் சிறந்த பாடம். 1998-ல் அவர்கள் விவரித்த டிஆர்இபி வகைப் புரதங்கள், வறட்சியையும் குளிரையும் எதிர்கொள்ளும் பல மரபணுக்களை ஒரே நேரத்தில் முடுக்கிவிடுபவை. காலிஃபிளவரைத் தாக்கும் வைரஸிலிருந்து பெற்ற, எப்போதும் இயங்கும் 35எஸ் ஊக்கியின்கீழ் அவற்றில் ஒன்றுக்கான மரபணுவை, ஆய்வகங்களில் சோதனைக்கு வளர்க்கும் அரபிடாப்சிஸ் செடியில் வைத்தபோது, செடிகள் வறட்சியைத் தாங்கின, ஆனால் குள்ளமாகிவிட்டன. ஆபத்து இல்லாத நாளிலும் ஆபத்துக்கால ஆயத்தத்தில் இருக்கும் செடி வளர்வதற்கு எதைச் செலவிடும்? 1999-ல் அதே குழு, வறட்சி போன்ற நெருக்கடி வந்தால் இயங்கும் ஆர்டி29ஏ ஊக்கியை அதற்குப் பதிலாக வைத்தது. குள்ளத்தன்மை பெருமளவு நீங்கியது. தாங்கும் திறனும் நிலைத்தது. இவ்வளவு தெளிவான பாடம் கைவசம் இருந்தும், வசதி கருதி 35எஸ் ஊக்கியையே வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள் அதற்குப் பிறகும் ஏராளமாக வந்தன என்பது வருத்தத்துக்குரியது.

ஒப்பீட்டுக்கு எடுக்கும் செடியிலும் கவனம் வேண்டும். திசு வளர்ப்பில் பல மாதங்கள் இருந்து மீண்டு வந்த செடியில், நாம் சேர்க்காத மாற்றங்களும் நேர்ந்திருக்கக்கூடும். ஆகவே விதைக்கடையில் வாங்கிய தாய் ரகத்தோடு மட்டும் ஒப்பிடாமல், அதே தலைமுறையில் பிரிந்து வந்து, மரபணு வந்து சேராத உடன்பிறப்புச் செடியோடும் ஒப்பிட வேண்டும். மரபணு தனித்தனியாகச் சேர்க்கப்பட்டு உருவான சில செடி வழிகளிலாவது அதே விளைவைக் காட்ட வேண்டும்.

எந்த வறட்சி, எந்த வெள்ளம்?

'வெள்ளத்தைத் தாங்கும் நெல்' என்று சொல்வதே அரைகுறையான தகவல்தான். ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற பழைய நெல்லில் உள்ள சப்1ஏ மரபணு, பயிர் முழுவதும் மூழ்கும்போது வளர்ச்சியை நிறுத்தி, சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் சிக்கனமாகச் செலவிடச் செய்கிறது; இரண்டு வாரம் கழித்து நீர் வடிந்ததும் செடி மீண்டும் துளிர்க்கிறது. ஆழ்நீர் நெல்லில் உள்ள, 2009-ல் விவரிக்கப்பட்ட ஸ்நார்க்கெல் மரபணுக்கள் இதற்கு நேர்மாறாக, தண்டை விரைந்து நீட்டி இலையை நீருக்கு மேலே கொண்டுவருகின்றன. மாதக்கணக்கில் நீர் நிற்கும் நிலத்தில் முதல் வகை அழுகிப்போகும். ஒரு வாரத்தில் வடியும் வெள்ளத்தில் இரண்டாம் வகை வீணாக உயர்ந்து, நீர் வடிந்ததும் சாய்ந்துவிடும்.

உப்புச் சோதனையிலும் இதே கவனக்குறைவு உண்டு. நல்ல நீரில் வளர்ந்த நாற்றைத் திடீரென்று கடும் உப்புக் கரைசலில் வைத்தால், முதல் சில மணி நேரத்தில் செடி படும் துன்பம் நீரை உறிஞ்ச முடியாத துன்பமே. சோடியம் இலையில் சேர்ந்து நஞ்சாவது நாள்கணக்கில் மெல்ல நடப்பது. முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதைப் பற்றி முடிவு கூறுவது பிழை. மேலும் நெல் உப்புக்கு மிகவும் அஞ்சுவது நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும். இடையில் தூர் கட்டும்போது ஓரளவு தாங்கும். நாற்றில் கண்ட முடிவைக் கதிருக்கும் சேர்த்துச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. வயலில் வறட்சி பெரும்பாலும் வெப்பத்தோடு சேர்ந்தே வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது: இலைத்துளையை மூடி நீரைக் காக்கும் செடி, நீராவியாக வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழியையும் சேர்த்தே அடைத்துக்கொள்கிறது. நெற்பூ விரியும் நேரத்தில் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் பயனற்றுப்போகலாம்.

வயல் சொல்லும் விடை

ஆய்வகத்தில் நம்பிக்கை அளித்த மரபணுக்களில் எத்தனை வயலில் தேறும்? மக்காச்சோளத்தில் ஒரு பெரிய விதை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, பல ஆண்டுகளில் சோதித்த 1,671 மரபணுக்களில் மேற்கொண்டு எடுத்துச் செல்லத் தகுதி பெற்றவை 22. நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும் அளவு. இந்த எண்ணைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. ஆனால் ஒரு தொட்டிச் சோதனையை வைத்துக்கொண்டு உழவருக்கு வாக்குறுதி அளிக்கும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

வேறு பயிரில் வயலில் தேறியதற்கு ஓர் எடுத்துக்காட்டு அர்ஜென்டினாவின் எச்பி4 கோதுமை. சாந்தா ஃபே நகரில் பணியாற்றும் ரக்கேல் சான் குழு சூரியகாந்தியில் கண்டறிந்த எச்ஏஎச்பி4 மரபணு, எத்திலீன் ஹார்மோனுக்குச் செடி காட்டும் பதற்றத்தைக் குறைத்து, இலை முதிர்ந்து உதிர்வதைத் தள்ளிப்போடுகிறது. இலைத்துளைகளை மூடச் செய்வது அதன் முதன்மை வழி அன்று என்பதே இதன் சிறப்பு. 37 வயல் சோதனைகளில் தாய் ரகத்தைவிடச் சராசரியாக 6 விழுக்காடு கூடுதல் விளைச்சல் பதிவானது. நீர் குறைந்த இடங்களில் வேறுபாடு அதைவிடப் பெரிது. 'வறட்சியை வென்ற கோதுமை' என்ற தலைப்போடு ஒப்பிட்டால் 6 என்பது சிறிய எண்ணாகத் தெரியும். ஆனால் கோதுமை விளைவிப்போர் அதைச் சிறிதென்று சொல்ல மாட்டார்கள்.

இக்கோதுமையைப் பற்றிப் பேசும்போது இரண்டு செய்திகள் விடுபட்டுப்போகின்றன. குளுபோசினேட் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணுவும் அதில் சேர்ந்தே இருக்கிறது. வறட்சியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இதை விட்டுவிடுவது வாசகருக்கு நேர்மையாகாது. அடுத்தது சந்தை. அர்ஜென்டினா 2020-ல் ஒப்புதல் அளித்தபோதே, தன் கோதுமையைப் பெருமளவில் வாங்கும் பிரேசிலும் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையை வைத்தது. 2021 நவம்பரில் பிரேசில் அதன் மாவை அனுமதித்த பிறகே, 2022-ல் வணிகச் சாகுபடிக்கு வழி பிறந்தது.

பெயர்க் குழப்பம்

ஸ்வர்ணா சப்1, நம் டெல்டா மாவட்டங்கள் அறிந்த சிஆர் 1009 சப்1 ஆகிய நெல் ரகங்களை 'மரபணு மாற்றிய நெல்' என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. சப்1ஏ மரபணுவின் பணியை உறுதிப்படுத்த ஆய்வகத்தில் மரபணு மாற்றிய செடிகள் உதவின. வயலுக்கு வந்த ரகங்களோ, விரும்பிய மரபணு இருப்பதைக் காட்டும் மூலக்கூறு அடையாளங்களின் துணையோடு திரும்பத் திரும்பத் தாய் ரகத்துடன் கலப்புச் செய்து பெறப்பட்டவை.

2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட பூசா டிஎஸ்டி ரைஸ் 1 இன்னொரு வகை. புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், எம்டியு 1010 நெல்லின் சொந்த மரபணு ஒன்றைத் திருத்தி இதை உருவாக்கியது. வேற்று மரபணு எதுவும் தங்காத இத்தகைய திருத்தங்களுக்கு ஒன்றிய அரசு 2022 மார்ச்சில், மரபணு மாற்றிய உயிரிகளைக் கட்டுப்படுத்தும் 1989-ஆம் ஆண்டு விதிகளின் சில பிரிவுகளிலிருந்து விலக்களித்தது. திருத்தப்பட்ட மரபணுவின் பெயரான டிஎஸ்டி என்பது 'வறட்சி, உப்புத் தாங்குதிறன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் என்பதால், அம்மரபணு இருந்தால்தான் தாங்கும் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் அது செயல்படும்போது இலைத்துளைகள் பெருகி நீரிழப்பு கூடுகிறது. அதைச் செயலிழக்கச் செய்யும்போதுதான் இலைத்துளைகளின் அடர்த்தி குறைந்து தாங்கும் திறன் உயர்கிறது. அந்த விதையை வாங்கும் முன் உழவர் கேட்க வேண்டியது, தம் நிலத்தைப் போன்ற உவர் மண்ணில், எம்டியு 1010-க்குப் பக்கத்துப் பாத்தியில் நட்டு அறுத்தபோது எத்தனை கிலோ கூடுதலாகக் கிடைத்தது, எத்தனை பருவங்களில் அப்படிக் கிடைத்தது என்பதைத்தான்.