இரவில் இரைகொல்லி வேட்டை: புதிதாக இறங்குவோருக்கான வழிகாட்டி

கயோட்டி (ஓநாயைவிடச் சிறிய வட அமெரிக்க நாய் இன விலங்கு), செந்நரி போன்ற இரைகொல்லி விலங்குகள் ஆட்டுக்குட்டிகளையும் கோழிகளையும் தூக்கிச் செல்லும் பண்ணைப் பகுதிகளில், அவற்றை இரவில் வேட்டையாடச் சில நாடுகளின் சட்டம் இடமளிக்கிறது. பகலில் ஆள் நடமாட்டத்துக்கு அஞ்சிப் புதரில் பதுங்கிக் கிடக்கும் இவ்விலங்குகள் இருட்டிய பிறகே திறந்த வெளிக்கு வருவதால் இரவு வேட்டையில் பலன் அதிகம்; இருட்டாக இருப்பதால் ஆபத்தும் அதிகம். பகலில் நன்றாகக் குறி பார்க்கத் தெரிந்தவர் இரவிலும் சமாளித்துவிடலாம் என்று நினைப்பதுண்டு. ஆனால் இரவில் சுடுவது கடைசி வேலை. பல இரவுகளில் அதற்கு வாய்ப்பே அமையாது. எதிரே நிற்பது என்ன, அதற்குப் பின்னால் இருப்பது என்ன என்ற இரண்டையும் ஐயமறத் தெரிந்துகொள்வதுதான் இந்த வேட்டையின் பெரும்பகுதி.

முதலில் சட்டம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு: ஓரிடத்தில் கயோட்டியை ஆண்டு முழுவதும் வேட்டையாடலாம், வேறோரிடத்தில் குறிப்பிட்ட மாதங்களில் மட்டுமே முடியும், கைவிளக்கு, இரவுநோக்கி, தெர்மல் ஸ்கோப் (உடல் வெப்பத்தைக் காட்டும் துப்பாக்கிக் குறிநோக்கி), விலங்குகளை ஒலியெழுப்பி வரவழைக்கும் மின்னணு ஒலிக்கருவி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதியும் தடையும் உண்டு. பிரிட்டனில் நில உரிமையாளரின் இசைவோடு செந்நரியை இரவில் விளக்கு வைத்துச் சுடலாம். ஆனால் நாய்களை ஏவி நரியை வேட்டையாடும் வழக்கத்தை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு இடமளிக்கவில்லை என்பதால், இங்கே சொல்லப்படுபவை எல்லாம் அனுமதியுள்ள நாடுகளில் வாழ்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அனுமதி உள்ள நாட்டிலும் உள்ளூர் விதி வேறாக இருக்கலாம். வட கரோலினாவின் கிழக்கே செவ்வோநாய்கள் எஞ்சியிருக்கும் ஐந்து கவுன்டிகளில் (மாவட்டம் போன்ற பிரிவுகளில்) கயோட்டி வேட்டையை 2014இல் நீதிமன்றமே நிறுத்திவைத்தது. இரண்டும் தோற்றத்தில் ஒத்திருப்பதால், கயோட்டி என்று எண்ணி அருகிவரும் ஓநாயைச் சுட்டுவிடும் நிலை அங்கே இருந்தது. நல்ல வெளிச்சத்திலேயே குழப்பும் விலங்குகள் நள்ளிரவில் எவ்வளவு குழப்பும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த இடத்தில் வேட்டையாடப் போகிறீர்களோ அந்த இடத்தைப் பகலில் நடந்து பார்க்காமல் இரவில் அங்கே துப்பாக்கியோடு போகக் கூடாது. நில உரிமையாளரிடம் எழுத்து மூலமான இசைவு வாங்கும்போதே, கால்நடைகள் எந்த வயலில் படுக்கின்றன, பண்ணை நாய்கள் இரவில் அவிழ்த்துவிடப்படுகின்றனவா, வேறு யாருக்காவது அதே நிலத்தில் வேட்டை அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு உட்காரப்போகும் இடத்தில் நின்றுகொண்டு, வீடு, சாலை, கொட்டகை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் எந்தத் திசையில் இருக்கின்றன என்று ஒரு தாளில் வரைந்து, எந்தப் பக்கம் சுடலாம், எந்தப் பக்கம் எக்காரணம் கொண்டும் சுடக் கூடாது என்று அப்போதே வகுத்துக்கொள்ள வேண்டும். தோட்டா எங்கே போய் நிற்கும் என்பதை அந்தத் தாள் சொல்ல வேண்டும். மேட்டின் உச்சியில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் விலங்கைச் சுட்டால், குறி தப்பிய தோட்டா மேட்டுக்கு அப்பால் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிறிய .22 தோட்டாப் பெட்டிகளிலேயே 1.5 மைல் வரை ஆபத்து என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். இந்த வேட்டைக்குப் பயன்படும் பெரிய ரகங்கள் அதைவிடத் தொலைவு செல்லக்கூடியவை. ஆகவே விலங்குக்குப் பின்னால் மண்மேடோ சரிவோ இருக்கும்படி, இயன்றால் நீங்கள் சற்று உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுடும்படி இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வேலிக்கம்பம், தனிமரம், பாறை போன்றவற்றின் தொலைவைப் பகலிலேயே அளந்து குறித்துவைத்தால், இருட்டில் தொலைவு பிடிபடாத நேரத்தில் அவை கைகொடுக்கும்.

விளக்கை வைத்துத் தேடுவது பழைய முறை, செலவும் குறைவு. நாய் இனம், பூனை இனம், மான், ஆடு, மாடு ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி எறியும் ஒரு படலம் இருப்பதால், விளக்கடித்தால் அவற்றின் கண்கள் விளக்குப்போல ஒளிர்கின்றன. புதியவர் செய்யக் கூடாதது, கண்ணின் நிறத்தை வைத்து இன்ன விலங்கு என்று முடிவுகட்டுவது. ஒளி விழும் கோணமும் விளக்கின் நிறமும் மாறினால் கண்ணின் நிறமும் மாறிவிடும். நிறத்தைவிடக் கண்கள் அசையும் விதம் அதிகம் சொல்லும். மானும் ஆடும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயக் குனியும், அப்போது ஒளி மேலும் கீழுமாகப் போய்வரும். பூனை இனம் உட்கார்ந்த இடத்திலிருந்து நெடுநேரம் இமைக்காமல் பார்க்கும். கயோட்டியின் கண்கள் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரே உயரத்தில் வேகமாக நகர்ந்து, சட்டென்று அணைந்து, சில அடிகள் தள்ளி மீண்டும் எரியும். தலையைத் திருப்பிக் காற்றை மோந்துவிட்டு மறுபடி உங்களைப் பார்க்கிறது என்று பொருள். இவ்வளவும் தேடுவதற்குத்தான் உதவும். கண் ஒளியை மட்டும் நம்பி ஒருபோதும் சுடக் கூடாது, முழு உடலும் தெரிய வேண்டும். பண்ணை நாயின் கண்ணும் அதேபோலத்தான் எரியும்.

சிவப்பு விளக்கைப் பலர் விரும்புவதற்குக் காரணம் உண்டு. நாய் இன விலங்குகளின் பார்வைக்கு நீண்ட அலைநீளமுள்ள சிவப்பொளி மங்கலாகவே தெரிகிறது, மனிதக் கண் இருட்டுக்குப் பழகியிருப்பதையும் அது அதிகம் கெடுப்பதில்லை. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். கைபேசித் திரையை ஒருமுறை பார்த்தாலே அந்த அரைமணி வீணாகிவிடும். விளக்கின் நடுக்கற்றையை விலங்கின் மேல் நேரடியாகப் பாய்ச்சாமல், தரைக்குச் சற்று மேலே பிடித்து, கற்றையின் மங்கலான ஓரம் மட்டும் விலங்கின் மேல் படும்படி வட்டமாகச் சுழற்றுங்கள். கண்கள் தெரிந்த பின் விளக்கை அணைத்து அணைத்துப் போடாமல் தொடர்ந்து எரியவிடுவது நல்லது. வெளிச்சம் திடீரென மாறுவதுதான் விலங்கை அதிகம் மிரட்டுகிறது.

தெர்மல் கருவி ஒளியைப் பார்ப்பதில்லை, உடல் வெளியிடும் வெப்பத்தைப் பார்க்கிறது. அதனால் காரிருளிலும் நூற்றுக்கணக்கான மீட்டருக்கு அப்பால் நிற்கும் விலங்கைக் காட்டிவிடும். அடர்ந்த மூடுபனியிலும் மழையிலும் திறன் குறையும். கார்க் கண்ணாடியின் ஊடாக எதையும் காட்டாது. விற்பவர்கள் பெருமையாகச் சொல்லும் தொலைவு, அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் தொலைவுதான். இன்ன விலங்கு என்று அடையாளம் காணும் தொலைவு அதில் ஒரு சிறு பங்கே வரும். படத்தில் நிறமும் இல்லை, அளவை ஒப்பிடப் பின்னணியும் சரியாகத் தெரிவதில்லை என்பதால், 60 மீட்டரில் உட்கார்ந்திருக்கும் முயல் தொலைவில் நிற்கும் நரியைப்போலத் தோன்றலாம், புல்லில் படுத்திருக்கும் கன்றுக்குட்டி கயோட்டியைப்போலத் தோன்றலாம். அது எழுந்து நடக்கும்வரை காத்திருங்கள். வால் எப்படித் தொங்குகிறது, நடை குதியாட்டமா சீரான ஓட்டமா என்று பாருங்கள். கயோட்டி ஓடும்போது வாலைத் தாழ்த்தியே வைத்திருக்கும், வீட்டு நாய் பெரும்பாலும் உயர்த்தியிருக்கும். இதுவும் ஓர் அறிகுறிதானே தவிர முழுச் சான்று ஆகாது. இரவுநோக்கிகளில் அகச்சிவப்பு விளக்கு சேர்ந்தே வரும். 850 நானோமீட்டர் வகை அதிகத் தொலைவுக்கு எட்டும், ஆனால் விளக்கின் முகப்பில் மெல்லிய செம்மை தெரியும். 940 வகை கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தொலைவு குறைவு. கையில் பணம் அளவாகவே இருந்தால், ஸ்கோப் வாங்கும் முன், கையில் பிடித்துப் பார்க்கும் தனிக் கருவியை வாங்குவதே என் பரிந்துரை. துப்பாக்கியில் பொருத்திய ஸ்கோப்பால் வயலைத் துழாவுகிறவர், பார்க்கும் ஒவ்வொன்றின் மீதும், அது மனிதனாகவே இருந்தாலும், துப்பாக்கியை நீட்டுகிறார்.

கருவி எதுவானாலும் காற்று சாதகமாக இல்லாவிட்டால் பயனில்லை. அழைப்பொலி கேட்டு வரும் கயோட்டி நேராக வருவது அரிது. ஒலி வந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, காற்று வீசிச் செல்லும் பக்கமாகப் போய் மோப்பம் பிடித்த பிறகே நெருங்கும். எனவே மின்னணு ஒலிக்கருவியை நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, காற்று உங்களுக்குக் குறுக்காக வீசும்படி வைத்து, விலங்கு சுற்றி வரக்கூடிய பக்கம் திறந்த வெளியாக இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். வாகனத்தைத் தொலைவில் மறைவாக நிறுத்தி, கதவை அறையாமல் சாத்தி, பேச்சின்றி நடந்து போய் உட்கார்ந்து, சில நிமிடம் அமைதி காத்த பின் ஒலியைத் தொடங்க வேண்டும். அடிபட்ட முயலின் கதறல் எல்லா இரைகொல்லிகளையும் இழுக்கும். எலியின் கீச்சொலி அருகில் வந்து தயங்கும் நரியை இன்னும் சில அடி கொண்டுவரும். குறைந்த ஒலியில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துங்கள், ஏனெனில் மிக அருகிலேயே ஒன்று படுத்திருக்கக்கூடும். கயோட்டிக்கும் நரிக்கும் 20 நிமிடம் போதும், பாப்கேட் என்னும் வட அமெரிக்கக் காட்டுப்பூனைக்கு அதற்கு மேலும் பொறுமை வேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால் இடம் மாறலாம், ஆனால் எழுந்திருக்கும் முன் சுற்றிலும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.

துப்பாக்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: .223 ரெமிங்டன், .22-250, .243 வின்செஸ்டர் ஆகிய தோட்டா ரகங்கள் இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படுகின்றன. இரவு ஸ்கோப்பை மாட்டிய பிறகு 100 மீட்டரில் குறியைச் சரிபார்க்காமல் போகாதீர்கள். தெர்மலுக்குச் சாதாரணக் காகித இலக்கு தெரியாது, ஆதலால் இலக்கின் நடுவில் குளிரில் கையைச் சூடாக்கப் பயன்படும் வெப்பப் பொட்டலம் ஒன்றை ஒட்டிச் சுட்டுப் பார்க்கலாம். முக்காலியில் தாங்கிச் சுடுவது கை நடுக்கத்தைப் போக்கும், துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் எப்போதும் தெரிந்திருக்கும். இருவர் போனால் ஒருவர் மட்டும் சுடுபவராகவும் மற்றவர் பார்ப்பவராகவும் இருந்து, இருவரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். இருட்டில் யாரும் முன்னே போகக் கூடாது. நடக்கும்போதும் வேலி தாண்டும்போதும் துப்பாக்கியின் தோட்டா அறையில் தோட்டா இருக்கக் கூடாது.

சுட்ட பிறகு உடனே ஓடிப் போய்ப் பார்க்காதீர்கள். விலங்கு விழுந்த இடத்தை அருகிலிருக்கும் மரத்தையோ கம்பத்தையோ வைத்து மனத்தில் குறித்துக்கொண்டு, கருவியின் வழியாகவே சில நிமிடம் கவனியுங்கள். அழைப்பொலியை நிறுத்தாமல் விட்டால் உடன் வந்த இணை ஒன்று தென்படுவதும் உண்டு. அடிபட்டு ஓடியிருந்தால் அன்றே தேடி முடிப்பது வேட்டைக்காரரின் கடமை. துப்பாக்கியை வெறுமையாக்கிவிட்டு வெள்ளை விளக்கோடு போகலாம், ஆனால் விலங்கு உயிரோடு இருக்கும் என்று தோன்றினால் ஒருவர் விளக்கையும் மற்றவர் துப்பாக்கியையும் பிடிப்பது நல்லது. கயோட்டிகளுக்கும் நரிகளுக்கும் சொறி நோய் வருவதுண்டு, வெறிநோயும் குடற்புழுக்களும் தொற்றும் வாய்ப்பு உண்டு என்பதால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. உடலை எங்கே, எப்படி அப்புறப்படுத்துவது என்பதை நில உரிமையாளரிடம் முன்னரே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.